ஊரிலேயே ஒரே பணக்காரி

ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கவிதா என்கிற பெண் போன மாதம் என் வீட்டுக்கு வந்து கைப்பேசியைக் காட்டினாள். "மேடம், இப்ப ஆப் வந்துடுச்சு. வீட்டுல என்ன இருக்குது, என்ன இல்லன்னு தட்டிவிட்டா, அந்தக் குடும்பம் ஏழையா இல்லையான்னு அதுவே சொல்லிடுது. உங்க காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சண்டை போட்டு" என்றேன்.

விளையாட்டாக என் வீட்டு விவரத்தையே தட்டிப் பார்த்தோம். ஃப்ரிட்ஜ் உண்டு, ஸ்கூட்டர் உண்டு, ஓட்டு வீடு, பென்ஷன் உண்டு. 'தகுதியில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க வேலை பார்த்தவளை ஒரு கைப்பேசி நொடியில் தகுதியில்லை என்று சொல்லிவிட்டதில் எனக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஊர்நல அலுவலராக இருந்தேன். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் என் கால் படாத தெரு குறைவு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புகையில்லா அடுப்பு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நான் கட்டிய முதல் அடுப்பு புகையைத் தவிர வேறெதையும் தரவில்லை. அதற்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு வேலை முழுக்க ஒன்றே ஒன்றுதான்: யார் ஏழை என்று எழுதுவது.

கேட்பதற்குச் சுலபம். கணக்கெடுப்புக்கு வருகிறோம் என்று தெரிந்தால் போதும், ஊரே ஒரே நாளில் ஏழையாகிவிடும். முந்தின வாரம் பார்த்த மோட்டார் சைக்கிள் வைக்கோல் போருக்குள் போயிருக்கும். கைப்பிடி மட்டும் மாட்டுக் கொம்பு போல வெளியே தெரியும். டிவி இன்னும் எல்லோர் வீட்டுக்கும் வராத காலத்தில் ஓர் அம்மாள் அதற்கு மஞ்சள் புடவை சுற்றி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகி, முன்னால் விளக்கும் ஏற்றிவைத்திருந்தார். "எங்க கொல தெய்வம் மேடம். அங்காளம்மா" என்றார். என் பெயர் ஜெசிந்தா. கோயிலுக்குப் போகிறவள் அல்ல, சர்ச்சுக்குப் போகிறவள். அம்மன் மேல் இருக்கும் துணியை நான் தொடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். நானும் தொடவில்லை. ஆனால் போன கரண்ட் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தது. புடவைக்குள்ளிருந்து ஒரு பெண் சலவைப் பவுடரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் மரியாதையாக எழுந்து நின்றேன். படிவத்தில் 'டிவி உண்டு' என்று எழுதினேன்.

இன்னொருவர் தன் மாட்டுக் கொட்டகையை வீடு என்று காட்டினார். உள்ளே கட்டில் போட்டு, வயதான அம்மாவைப் படுக்கவைத்திருந்தார். ஏழ்மையை எழுதிக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் இருந்த மாடி வீட்டின் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கறவை மாடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. சிரிப்பு வரும், அதற்குப் பிறகு குழப்பம் வரும். ஏனென்றால் உண்மையான ஏழைகள் எதையும் ஒளிப்பதில்லை, ஒளிக்க ஒன்றும் இருக்காது. அதனால் அவர்கள் வீட்டில் நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்ததே இல்லை. நேரமெல்லாம் மாடு பார்த்த ஜன்னல்களுக்கே போயிற்று.

இப்போது தனகோட்டி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த வட்டார வளர்ச்சி அலுவலர்கள் ஒரு டஜன் பேருக்கு மேல் இருக்கும். மனத்தில் நிற்பவர் அவர் ஒருவர்தான். ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் உதடு மட்டும்தான் அசையும். நாம் குனிந்து காதைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தத் தாளையும் மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படிப்பார். கையெழுத்துப் போடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவசரப்பட்டுவிடக் கூடாதாம்.

ஊர்களுக்குப் போகும்போது வீட்டு இட்லியை ஜீப்பில் உட்கார்ந்தே சாப்பிட்டுவிடுவார். ஊருக்குள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "ஒரு வீட்டுல மோர் குடிச்சா, அந்த வீட்டு மாடி நம்ம கண்ணுக்குத் தெரியாது ஜெசிந்தா" என்பார். யாராவது "இது நியாயமா சார்?" என்று கேட்டால் அவர் பதில் ஒன்றுதான். "நியாயம் என் மேசைக்கு வராதுங்க. விதி மட்டுந்தான் வருது."

அவர் இருந்த காலத்தில்தான் ஒரு புது முறை வந்தது. இனி அதிகாரிகள் ஏழையைக் கண்டுபிடிக்க வேண்டாம், ஊர் மக்களே கூடி உட்கார்ந்து கண்டுபிடிக்கட்டும் என்று உத்தரவு. நல்ல யோசனை. ஊருக்குத் தெரியாத அடுப்பு உண்டா? கோயில் முன்னால் மண்ணைக் கூட்டிப் பெருக்கி, கோலமாவில் தெரு, ஏரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வரைய வேண்டும். அவரவர் வீட்டுக்கு ஒரு கட்டம். வசதியானவர் வீட்டுக்குப் பச்சைப் பொடி, நடுத்தரத்துக்கு மஞ்சள், ஏழைக்கு நீலம், மிகவும் ஏழைக்குச் சிவப்பு. சிவப்பு வீடுகளுக்குத்தான் அரசாங்கம் முதலில் வீடு கட்டிக் கொடுக்கும்.

மேல்மலையனூர் போகும் சாலையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கோலம் போட்டு முடித்தோம். முதலில் ஏழை என்றால் யார் என்று ஊர் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

"முட்டி வலி இருக்கறவங்க" என்றார் ஒருவர்.

"மருமவ சோறு போடாதவங்க" என்றார் ஒரு கிழவர். அவர் மருமகள் பின்வரிசையிலிருந்து சண்டைக்கு எழுந்தாள். அதை அடக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"சரி, பணக்காரன்னா யாரு?"

"பக்கத்து வூட்டுக்காரன்" என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன.

மில்காரர் தெய்வசிகாமணி எழுந்தார். அந்த ஊரில் அரிசி மில், நெல் உலர்த்தும் களம், கார் எல்லாம் அவருக்குத்தான். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நன்றாகவே பேசினார். "இதுல யோசிக்க இன்னா இருக்குது? ஒழைக்கறவன் மேல வர்றான். சோம்பேறி கீழயே கெடக்கறான். ஏழ, பணக்காரன்னு இருக்கறது ஞாயந்தான். ஆண்டவனே அஞ்சு வெரலையும் ஒரே மாதிரி வெக்கல." பலர் தலையாட்டினார்கள். பேசி முடித்துக் குனிந்து, தன் வீட்டுக் கட்டத்தில் ஒரு கை சிவப்புப் பொடியைத் தூவினார்.

"அப்ப நீங்க சோம்பேறியாண்ண?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோலத்தின் ஏரிக்கரை கலைந்தது. கேட்டவள் பாக்கியம். மில்காரரின் களத்தில் கூலிக்கு நெல் காயவைப்பவள். புருஷன் செத்துப் பல வருடம். ஒரே பெண், கல்யாண வயதில். "வெளயாட்டுக்குக் கேட்டண்ண" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மில்காரரே சிவப்பு என்றதும் மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? சிவப்புப் பொடிக்குத் தள்ளுமுள்ளு. அரை மணியில் தீர்ந்துவிட்டது. குங்குமம் கொண்டுவந்தார்கள், அதுவும் தீர்ந்தது. ஒருவர் வீட்டுக்கு ஓடி மிளகாய்த்தூள் கொண்டுவந்து தூவினார். காற்று அடித்தது. ஊர் முழுக்கத் தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் நின்றபோது தனகோட்டி சாரின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் அழுகிற கூட்டத்தைப் பார்த்து, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கோலத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். எல்லாம் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு கட்டம் பச்சை.

"அந்தப் பணக்காரர் யாரு? வரச்சொல்லுங்க."

பாக்கியம் எழுந்து வந்தாள். எண்ணெய் காணாத தலை, காலில் செருப்பில்லை. நான் திகைத்துப்போனேன். அவள் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கச் சுவர் போன மழையில் இடிந்து, அந்த இடத்தில் கிழிந்த தார்ப்பாய் தொங்கியது.

"நீங்கதான் பச்சை போட்டீங்களா?"

"ஆமா சார்."

"ஏம்மா?"

"ஊரே ஏழன்னு போட்டுட்டாங்க. எல்லாரும் ஏழன்னா எனக்கு யாரு சார் கூலி குடுப்பாங்க? ஒருத்தராவது வசதியா இருக்கோணும் இல்ல? நானே இருந்துட்டுப் போறன்."

கூட்டம் மறுபடி சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது. நான் குனிந்து கேட்டு, அவர் சொன்னதை ஊருக்கு உரக்கச் சொன்னேன். "மிகவும் ஏழைன்னு போட்டவங்க வீட்டுக்கு ஒரு ஆள், நாளைக்குக் காலையில நூறு நாள் வேலைக்கு ஏரிக்கு வரணும். மம்பட்டியோட. சிவப்பு வேணும்னா சேத்துல எறங்குங்க. வேணாம்னா இப்பவே மாத்திக்குங்க."

"சார், இதுக்கு விதி இருக்குதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அங்கேயே பாதிப் பேர் மஞ்சளுக்குப் போனார்கள். மில்காரர் போகவில்லை. மானப் பிரச்சினை. மறுநாள் காலை அவர் கார் ஏரிக்கரையில் வந்து நின்றது. டிரைவர் டிக்கியைத் திறந்து, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத மம்பட்டியை எடுத்துக் கொடுத்தார். மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். பத்து வெட்டு வெட்டியிருப்பார். பதினோராவது வெட்டில் மம்பட்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, இழுத்தவர் மல்லாந்து விழுந்தார். தூக்கிவிட ஓடிய நான்கு பேரும் அவரிடம் கூலி வேலை செய்பவர்கள். கரையேறியதும் என்னிடம் வந்து, சேறு சொட்ட, "மேடம், பச்ச போட்டுக்குங்க" என்றார்.

ஊரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தனகோட்டி சார் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஏரிக்கு வராதவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார். அதில் இரண்டு கண்ணும் தெரியாத ஒரு பெரியவர் இருந்தார். கால் விளங்காத ஒரு தையல்காரர் இருந்தார். பிள்ளை பெற்று நான்கு நாளான ஒரு பெண் இருந்தாள். "பொய்யனைப் பிடிக்க வலை போட்டேன். இவங்களும் விழுந்துட்டாங்க" என்றார். "நீ வீடு வீடா போ, ஜெசிந்தா. இந்தத் தடவை ஜன்னல் பக்கம் போகாத." நான் போனேன். மூன்று நாள் ஆயிற்று. அவர்கள் எல்லோரையும் சிவப்பிலேயே நிறுத்தினோம்.

கடைசியாகப் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"மழை வரப்போகுது. சிவப்புன்னு ஒரு வார்த்த சொல்லு, வீடு வந்துடும்" என்றேன்.

அவள் பெண் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "எம்மா, சிங்கவரத்துலருந்து பொண்ணு கேட்டு வர்றாங்க. மிகவும் ஏழன்னு பேர எழுதி பஞ்சாயத்து சொவுத்துல ஒட்டுவீங்க. அவுங்க அதப் படிச்சிட்டு நேரா எங்கூட்டுக்கா வருவாங்க? அப்டியே பஸ் ஏறிடுவாங்க. நான் நனைஞ்சிட்டுப் போறன். எம் பொண்ணு பேரு சொவுத்துல வேணாம்."

சாரிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "அவங்க சம்மதம் இல்லாம மாத்த முடியாது. பச்சைதான்."

நான்கு நாள் கழித்துக் காலை முதல் பஸ்ஸில் பாக்கியம் செஞ்சிக்கு வந்துவிட்டாள். அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்கிறாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, சீக்கிரமா என்ன ஏழையாக்கு!"

"என்ன ஆச்சு?"

"மாப்ள வூட்டுக்காரு டீக்கடையில விசாரிச்சிருக்காரு. 'அந்தம்மாதான் ஊர்லயே ஒரே பணக்காரி, ஆபீசருங்களே கோலம் போட்டு சொல்லிட்டாங்க'ன்னு எந்தக் கட்டையில போறவனோ சொல்லிட்டான். அவுரு பயந்துட்டாரு. 'பெரிய எடம், நமக்கு ஒத்து வராது, எம் புள்ளைய வூட்டோட மாப்ளயா வெச்சிக்குவாங்க'ன்னு ஆள் சொல்லி அனுப்பிட்டாரும்மா!"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் கண்ணில் நீர் நின்றது. சாரிடம் அழைத்துப் போனேன். அவர் உத்தரவை மேலிருந்தும் கீழிருந்தும் படித்தார். இதற்குள் ஊர்க் குழு பட்டியலுக்குத் தீர்மானம் போட்டுவிட்டது. ஊர் ஒப்புக்கொண்ட நிறத்தை நாங்களாக மாற்ற முடியாது. ஊர்க்காரர் யாராவது 'இந்தக் குடும்பம் இந்த நிறத்தில் இருப்பது தவறு' என்று எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால் மாற்றலாம். கெடு மறுநாள் மாலை.

யார் கொடுப்பார்கள் என்று நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானமே மில்காரர் காரில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"சார், மொத்த ஊர்ல பச்ச ரெண்டே பேரு. நானு, இன்னொண்ணு எங்க களத்துல நெல்லு தள்ற பாக்கியம்! அவளும் நானும் ஒரே நெறமா? இது இன்னா ஞாயம்?"

"நியாயம் என் மேசைக்கு வராதுங்க. எழுத்துல குடுங்க" என்றார் சார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

எழுதினார். முழுதாக இரண்டு பக்கம். பாக்கியத்தின் கூரை எத்தனை இடத்தில் பிய்ந்திருக்கிறது, எந்தச் சுவர் இடிந்தது, எத்தனை புடவை வைத்திருக்கிறாள், வேலையில்லாத நாளில் என்ன சாப்பிடுகிறாள், ஒன்றும் விடவில்லை. என் பணிக்காலத்தில் நான் எழுதிய எந்த ஆய்வறிக்கையிலும் அவ்வளவு துல்லியம் கிடையாது. அத்தனையும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. படித்து முடித்த தனகோட்டி சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் சுவரில் ஏறியது. மாப்பிள்ளையின் அப்பா சைக்கிளில் வந்தார். வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்கு உழைக்கிற மனிதர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வந்து, பாக்கியம் பெயரில் நின்று, பக்கத்தில் 'மிகவும் ஏழை' என்று எழுதியிருந்ததை இரண்டு முறை தடவிப் பார்த்தார். "அப்பாடா" என்றார். "நம்மள மாதிரிதான்." அடுத்த வாரமே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கான தாள்களில் கையெழுத்துப் போடப் பாக்கியம் மறுபடி வந்தாள். குடும்ப அட்டை நகல், இடிந்த சுவரின் முன் நின்று எடுத்த புகைப்படம், ஊர்க் குழுவின் தீர்மானம், மில்காரரின் ஆட்சேபணை என்று தாள்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் பெயரை மெதுவாக எழுதி முடித்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எம்மா, நான் ஏன் ஏழன்னு இத்தினி பேரு, இத்தினி தாள்ல கேட்டீங்க. மில்லுக்கார அண்ணன் ஏன் பணக்காரருன்னு ஒருத்தரும் கேக்கவே இல்லியே. அதுக்குத் தாள் இல்லியா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

சாரிடம் சொன்னபோது, வழக்கம்போல நியாயம் மேசைக்கு வராது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பாக்கியம் கேட்ட கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி, 'பயனாளி எழுப்பியுள்ள மேற்கண்ட வினாவுக்கு என்ன பதில் அளிப்பது என்று தெளிவுரை வழங்கக் கோரப்படுகிறது' என்று முடித்து, கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். கடிகாரத்தைக் கழற்றவில்லை.

பதில் வருவதற்குள் பாக்கியம் வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று, அவள் பெண் சிங்கவரத்துக்குக் குடிபோயிருந்தாள். பதில் ஒரே வரி. 'கோரிக்கை தெளிவாக இல்லை. உரிய படிவத்தில் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

சார் அதை மேலிருந்து படித்தார். கீழிருந்து படித்தார்.

"உரிய படிவம் எதுன்னு உனக்குத் தெரியுமா ஜெசிந்தா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு டீ சொல்லு."